8 ஜிபி லேப்டாப், மூன்று மணி நேரக் கொடை விழா வீடியோ: எந்த எடிட்டர்?

ஆகஸ்ட் 11, 2025 (வாசகர் கேள்வி)

எங்கள் ஊர் அம்மன் கோயில் ஆடிக் கொடையில் சித்தப்பாவின் வில்லுப்பாட்டுக் குழு பாடியது. அவர் குடம் அடிக்கிறார். ஆண்ட்ராய்டு போனில் மூன்று மணி நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒலியைத் தனியாக ஒரு சின்ன ரெக்கார்டரிலும் பதிவு செய்திருக்கிறேன். யூடியூபில் பகுதி பகுதியாகப் போட ஆசை. எடிட்டிங் செய்து பழக்கமே இல்லை. லேப்டாப்பில் 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 11. காசு செலவழிக்க முடியாது. நண்பர்கள் எல்லோரும் டாவின்சி ரிசால்வ்தான் என்கிறார்கள். சினிமாக்காரர்கள் பயன்படுத்துவதையே இலவசமாகத் தரும்போது வேறு எதற்குத் தேட வேண்டும்? சரிதானே?

ஆகஸ்ட் 11, இரவு

சரியில்லை. ரிசால்வ் அருமையான மென்பொருள். உங்கள் லேப்டாப்புக்கு அது ஆகாது.

டா வின்சி என்பது முதலில் எடிட்டிங் மென்பொருளே அல்ல, நிறம் திருத்தும் கருவி. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கியது. வெட்டி ஒட்டும் வசதிகள் அதன் பிறகுதான் வளர்ந்தன. 2017இல் ஃபேர்லைட் என்ற ஒலிப்பகுதி சேர்ந்தது, 2018இல் ஃபியூஷன் என்ற கிராபிக்ஸ் பகுதி சேர்ந்தது. இத்தனையையும் சுமப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு. உங்களிடம் அது இல்லை. நிறுவனமே கேட்பது 16 ஜிபி ராம், ஃபியூஷனையும் பயன்படுத்துவதானால் 32. உங்களிடம் இருப்பது 8. இரண்டு பேருக்குக் காபி போடக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற வேலை இது.

நண்பர்கள் சொல்கிற மென்பொருளைத்தான் எல்லோரும் முதலில் இறக்குகிறார்கள். ஆனால் நண்பரின் லேப்டாப் கூடவே வருவதில்லை. முதலில் உங்கள் கணினியைக் கேளுங்கள், அடுத்து போனில் இருக்கும் கோப்பைக் கேளுங்கள். மென்பொருளின் பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

உங்களுக்கு என் பரிந்துரை ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் இலவசம், வாட்டர்மார்க் (படத்தின் மேல் மென்பொருள் பதிக்கும் முத்திரை) கிடையாது, விண்டோஸில் ஓடும். 'எச்டி வேலைக்கு 8 ஜிபி, 4கே வேலைக்கு 16 ஜிபி' என்று ஷாட்கட் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. போனில் 4கே தரத்தில் எடுத்துத் தொலைத்திருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை.

ஆகஸ்ட் 12, காலை

நேற்று எழுதத் தவறிய ஒன்று, தமிழில் தலைப்பு போடுகிறவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். எந்த எடிட்டரை இறக்கினாலும், வீடியோவை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே ஒரு தலைப்பைத் திறந்து 'கொடை விழா' என்று எழுதிப் பாருங்கள். 'கொ' சரியாக விழுந்தால் மேலே போகலாம். கொம்பு முன்னால் வராமல் 'க' தனியாகவும், கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றியும் நின்றால், அந்த மென்பொருளின் எழுத்து எந்திரம் தமிழை அடுக்கத் தெரியாதது. நீங்கள் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு ராத்திரியைத் தொலைப்பீர்கள். குறை எழுத்துருவில் இல்லை.

ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் க்யூட்டி என்ற அடித்தளத்தில் எழுதப்பட்டவை. தமிழ் எழுத்துகளை அடுக்குவது அந்த அடித்தளத்திலேயே இருப்பதால் 'கொ', 'கை', 'ஸ்ரீ' எல்லாம் ஒழுங்காக வரும். அடோபி பிரீமியரிலும் வரும். ஆனால் அமைப்புகளில் கிராபிக்ஸ் பக்கத்துக்குப் போய், எழுத்து எந்திரத்தைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும். அந்த ஒரு பொத்தான் தெரியாமல் இன்னும் பாமினியில் தட்டிக்கொண்டிருக்கும் கல்யாண வீடியோக்காரர்களை எனக்குத் தெரியும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த பழைய ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கிலக் குப்பையாக நிற்கும்.

எழுத்துருவுக்கு அலைய வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் கேடமரன், முக்தா மலர், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் யூனிகோடு, எல்லாம் இலவசம். கோயில் விழாவுக்குப் பலூ தம்பி பொருந்தும் என்பது என் ருசி. கொழுகொழுவென்று மாலை போட்ட மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 12, மாலை

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். 1080 தரத்தில்தான் எடுத்தாராம். நிம்மதி. ஷாட்கட்டில் 'கொடை' சரியாக வந்துவிட்டதாம். ஆனால் கோப்பை உள்ளே இழுத்ததும், பிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) சீராக இல்லை, எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றட்டுமா என்று கேட்கிறதாம். 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டாராம்.

வேண்டும் என்று அழுத்துங்கள். காரணத்தை இன்று இரவு எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

ஆகஸ்ட் 12, இரவு

பெரிய கேமராக்கள் விநாடிக்கு 25 என்றால் 25 படம்தான் எடுக்கும். போன் அப்படியில்லை. வெளிச்சம் குறைந்தால், உடம்பு சூடானால், 30இலிருந்து 29க்கோ 27க்கோ இறங்கும், பிறகு ஏறும். கோயில் முற்றத்தில் ராத்திரி நேரத்தில் சீரியல் விளக்குகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் எடுத்த போன் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போனிலேயே ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஒவ்வொரு படத்தையும் எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எடிட்டரின் டைம்லைன், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை, சமமான கட்டங்களால் ஆனது. அங்கே போனதும் ஒலியும் படமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

யாராவது உட்கார்ந்து பேசுகிற வீடியோவாக இருந்தால் இரண்டு மூன்று பிரேம் விலகலை யாரும் கவனிக்கப்போவதில்லை. வில்லுப்பாட்டில் அது ஒளிய முடியாது. வீசுகோல் நாணில் படுவது கண்ணுக்குத் தெரிகிறது, மணிச் சத்தம் அதற்குப் பிறகு வருகிறது. குடத்தின் வாயில் மட்டை விழுந்து எழும்பிய பிறகு 'தும்' கேட்கிறது. அடிக்கிற கை பொய்யாகிவிடும். அதுவும் அடிப்பவர் உங்கள் சித்தப்பா.

அதனால் ஷாட்கட் கேட்கும்போது மாற்றச் சொல்லுங்கள். கேடென்லைவும் இதேபோலக் கேட்கும். எதையும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிற எடிட்டராக இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முதலில் போட்டு, பிரேம் வேகத்தை நிலையானதாக வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரக் கோப்புக்கு உங்கள் லேப்டாப் ராத்திரி முழுக்க முனகும். சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள். வட்டில் இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்குக்கு ஏற்ற கோப்பு என்றால் பெரிய கோப்பு என்று அர்த்தம்.

ரெக்கார்டர் இன்னொரு தலைவலி. போனுக்கு ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்கு வேறொரு கடிகாரம். இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகாது. தொடக்கத்தில் சரியாகப் பொருத்தினாலும் மூன்றாவது மணி நேரத்தில் விலகியிருக்கும். முழு நீளத்துக்கும் ஒரே தடவை பொருத்த முயலாதீர்கள். எப்படியும் பகுதி பகுதியாகத்தானே போடப்போகிறீர்கள், ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் பொருத்துங்கள். அலைவடிவத்தை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டை) ஒப்பிட்டுத் தானே பொருத்தும் வசதி ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் இருக்கிறது. அது தடுமாறினால் உடுக்கை தனியாக ஒலிக்கும் இடத்தைத் தேடுங்கள். உடுக்கையின் முதல் அடி அலைவடிவத்தில் ஊசி மாதிரி நிற்கும். கைதட்டலைவிட நல்ல அடையாளம்.

ஆகஸ்ட் 14

'இவ்வளவு பாடு எதற்கு, போனிலேயே முடித்துவிடலாமே' என்று ஒருவர். ஒரு நிமிட ரீல்ஸ் என்றால் நானும் அதையே சொல்வேன். டிக்டாக், விவாவீடியோ முதலான 59 செயலிகளை 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்ததிலிருந்து இங்கே போன் எடிட்டிங்கின் முகம் மாறிவிட்டது. மற்ற நாடுகளில் ஆரம்பிப்பவர்கள் தொடங்குகிற காப்கட் இங்கே கிடைக்காது. யூடியூபில் பாதிப் பாடங்கள் அதைப் பற்றியே இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். கைன்மாஸ்டர் தென்கொரியாவிலிருந்து வருவது, இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் விழும். 2025 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் 'எடிட்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதில் வாட்டர்மார்க் இல்லை. மூன்று மணி நேரப் பதிவையும் தனி ஒலியையும் கட்டைவிரலால் வெட்டுகிறவருக்கு என் வணக்கம்.

விண்டோஸ் 11இல் கூடவே வரும் கிளிப்சாம்ப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 2021இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது அது. 1080 வரை வாட்டர்மார்க் இல்லாமல் தருகிறது. பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் இவற்றுக்குத் தாராளமாகப் போதும். 2017இல் நிறுத்தப்பட்ட மூவி மேக்கரின் இடத்தில் இப்போது இருப்பது இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 15

ரிசால்வ் பற்றி நான் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று இருவருக்குக் கோபம். ஒருவர் 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வைத்திருக்கிறார். ஐயா, உங்களுக்கு நான் வேறு பதில்தான் சொல்லியிருப்பேன். உங்கள் கணினியில் ரிசால்வின் இலவசப் பதிப்புக்கு ஈடான இலவசம் எதுவும் இல்லை. அல்ட்ரா எச்டி வரை, விநாடிக்கு 60 பிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். வாட்டர்மார்க் கிடையாது. பணம் கட்டும் ஸ்டுடியோ பதிப்புகூட 295 டாலர், ஒரே தடவை. மாதச் சந்தா இல்லை.

இன்னொருவர் லினக்ஸ் பயன்படுத்துகிறாராம். ரிசால்வ் லினக்ஸிலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் அங்கே இலவசப் பதிப்பு எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோக் கோப்புகளைத் திறக்காது. போன் வீடியோ பெரும்பாலும் அதுதான். படம் ஓடவில்லை என்று புதியவர் கணினியைத் திட்டுவார். லினக்ஸ்காரர் கேடென்லைவுக்கே போகலாம், அது அங்கே பிறந்து வளர்ந்தது.

யோசித்துப் பார்த்தால், கேட்டவருக்கு நான் சொன்னதிலும் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். வண்ணத்தில் ஆர்வம் வந்துவிட்டால் ஷாட்கட் சீக்கிரமே போதாமல் போகும். அப்போது ராம் வாங்குங்கள், பிறகு ரிசால்வ். அதுவரை அதன் பாட வீடியோக்களைப் பார்த்து ஏங்காதீர்கள்.

ஆகஸ்ட் 17

ஷாட்கட்டா, கேடென்லைவா? ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்கிறார் முதலில் கேட்டவர்.

இரண்டுக்கும் உள்ளே ஓடும் எந்திரம் ஒன்றுதான், எம்எல்டி என்று பெயர். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் டென்னடிதான் ஷாட்கட்டையும் எழுதுகிறார். அதனால் வெளிவரும் படத்தின் தரத்தில் வேறுபாடு தேடாதீர்கள். வேறுபாடு கைக்குப் பழகுவதில்தான். ஷாட்கட்டைத் திறந்தால் ஏறக்குறைய காலியாக இருக்கும், வேண்டிய பலகையை நீங்கள் அழைக்க வேண்டும். கேடென்லைவ் எல்லாவற்றையும் முதலிலேயே மேசையில் பரப்பிவிடும். நிறையக் கிளிப்புகளைக் கோப்புறை போட்டுப் பிரித்து வைக்க கேடென்லைவ் வசதி. உங்களிடம் இருப்பதோ ஒரு நீளமான வீடியோ, ஒரு நீளமான ஒலி. ஷாட்கட்டிலேயே இருங்கள்.

பிராக்ஸியை இயக்கிவிடுங்கள். வெட்டும்போது சிறிய நகலைக் காட்டி, எக்ஸ்போர்ட்டில் அசலை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி கணினி மூச்சு வாங்காமல் இருக்க இதுதான் வழி.

ஆகஸ்ட் 20

எதிர்பார்த்தது நடந்துவிட்டது. டெஸ்க்டாப் நிறைந்துவிட்டது என்று வீடியோக்களை வேறு டிரைவுக்கு மாற்றினாராம், புராஜெக்டைத் திறந்தால் கோப்புகளைக் காணவில்லை என்கிறதாம்.

புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது. எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது, எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதனால்தான் அது அவ்வளவு சின்னதாக இருக்கிறது. விடுபட்ட கோப்பு எங்கே என்று ஷாட்கட் கேட்கும், காட்டினால் பிடித்துக்கொள்ளும். கோப்புகள் அதிகமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. ஷாட்கட், கேடென்லைவ் புராஜெக்டுகள் வெறும் எழுத்துக் கோப்புகள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு நோட்பேடில் திறந்தால் பழைய கோப்புறைப் பாதை கண்ணில் படும். தேடி மாற்றிவிட்டுச் சேமித்தால் வேலை முடிந்தது. ரிசால்வில் இப்படிச் செய்ய முடியாது, அது எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் வைக்கிறது. ஆனால் இடம் மாறிய கோப்புகளை மறுபடி இணைக்கும் வசதி அதிலும் உண்டு.

இனிமேல் ஒரு கோயில், ஒரு கோப்புறை. வீடியோ, ஒலி, எழுத்துரு, புராஜெக்ட் எல்லாம் அதற்குள். நகர்த்தினால் மொத்தமாக நகர்த்துங்கள்.

ஆகஸ்ட் 23

கிராக் செய்த பிரீமியரின் இணைப்பைக் கேட்டவருக்கு: தரமாட்டேன். நியாயம் பேச வரவில்லை. அடோபி 2013இல் சந்தாவுக்கு மாறியபோது எரிச்சலடைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கிராக்கை ஏற்றும்போது வைரஸ் காவலை அணைக்கச் சொல்வார்கள், அதே கணினியில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கிறது. அதுவும் இந்த இழையில் பேசிய எந்த வேலைக்கும் பிரீமியர் தேவைப்படவில்லை.

செப்டம்பர் 2

முதல் பகுதியை அனுப்பியிருந்தார், பார்த்தேன். படமும் ஒலியும் ஒட்டியிருக்கின்றன. தலைப்பு அழகாக இருக்கிறது. வெட்டியதில்தான் எனக்குச் சண்டை.

மௌனமான இடங்களைத் தானே நீக்கும் வசதி ஒன்றை எங்கோ பிடித்துப் பயன்படுத்தியிருக்கிறார். தனியாக உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அது சரி. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார், பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுவார், அதற்குப் பிறகு ஒரு கணம் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். கூட்டம் கதைக்குள் வந்துவிட்டதா என்று புலவர் பார்க்கிற கணம் அது. எந்திரம் அதைத்தான் வெட்டித் தள்ளியிருக்கிறது. இப்போது அம்மன் பிறப்பு, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் சொல்வதுபோல இருக்கிறது.

கையால் வெட்டுங்கள். வரியின் நடுவில் வெட்டாதீர்கள், வீசுகோல் விழும் இடத்தில் வெட்டுங்கள். அந்த அடி அடுத்த காட்சியைத் தானே இழுத்துக்கொண்டு வரும், வெட்டு தெரியாது. ஒரே கேமராதானே, வெட்டினால் படம் துள்ளுமே என்றால், கூட்டத்தை எடுத்த துண்டு ஏதாவது இருந்தால் மேலே வையுங்கள். அதுவும் இல்லையென்றால் வெட்டாமலே விடுங்கள். பார்க்கிறவர்கள் கொடைக்கு வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்த சனம்தான், பத்து நிமிடம் தாங்குவார்கள்.

மாறும் காட்சிகளுக்கு இடையில் பக்கம் புரட்டுவது, சுழல்வது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கல்யாண ஆல்பம் அல்ல இது.

செப்டம்பர் 3

படத்தில் கிடைமட்டமாக ஊர்ந்து போகிற கறுப்புப் பட்டைகள் பற்றிக் கேட்டிருக்கிறார். அது எடிட்டரின் வேலை அல்ல. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை சிமிட்டும். போனின் ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். அடுத்த கொடைக்கு ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தி, 25 பிரேமில் எடுங்கள். போனின் சொந்தக் கேமராவில் அந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகவே தருகிறது. 2024இலிருந்து ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, உங்கள் போனுக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு இப்போது இருக்கும் 30 பிரேம் வீடியோவை 25க்கு மாற்ற வேண்டாம். இடையிடையே படங்கள் உதிர்ந்து, கை தத்தித் தத்தி நகரும். 30இல் எடுத்ததற்கு 30 புராஜெக்ட்.

செப்டம்பர் 9

எக்ஸ்போர்ட்: எச்.264, 1080, 30 பிரேம். இந்த அளவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது விநாடிக்கு 8 மெகாபிட். அதற்குக் கொஞ்சம் மேலே வைத்தாலும் கெட்டுப்போகாது, எப்படியும் அவர்கள் மறுபடி சுருக்குவார்கள். முதலில் பட்டியலிடாத வீடியோவாக (இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கிற மாதிரி) ஏற்றிப் போனில் கேளுங்கள். குடத்தின் அடிநாதம் போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும், மணிச் சத்தம் மட்டும் காதைக் குத்தும். மணியின் உச்ச ஒலியைச் சற்றே இறக்குங்கள். குடத்தை ஏற்ற முயலாதீர்கள், ஹெட்போனில் கேட்கிறவர் ஓடிவிடுவார்.

ஷாட்கட்டின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தார். கடைசிப் பகுதியும் யூடியூபில் ஏறிய பிறகு ஏற்றுங்கள். புதிய பதிப்பில் சேமித்த புராஜெக்டைப் பழையதில் திறக்க முடியாமல் போகலாம், நடுவழியில் அந்தச் சோதனை வேண்டாம்.